தெருமரத்தை யார் தேர்ந்தெடுப்பது? டெல்டா ஊர்களுக்கு நான்கு வழிகள்

தெருவில் மரம் வைக்க வேண்டும் என்பதில் எந்த ஊரிலும் சண்டை வருவதில்லை. எந்த மரம், அதை யார் முடிவு செய்வது என்று கேட்டதும் வேலை நின்றுவிடுகிறது. நகராட்சியே நட்டுவிட்டுப் போகட்டும் என்கிறார் ஒருவர். சபையில் வைத்துத் தீர்மானம் போடலாம் என்கிறார் இன்னொருவர். அவரவர் வாசலுக்கு அவரவர் கேட்கும் கன்றைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்பார் மூன்றாமவர். இந்த மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, எதைப் பின்பற்றலாம் என்று கேட்கும் வாசகர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது. அதுதான் என் சாய்வு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது.

## எதை வைத்து அளப்பது?

முதலில் மண். டெல்டா என்று ஒரே சொல்லில் சொன்னாலும் கும்பகோணத்து வண்டலும், திருவாரூர்ப் பக்கத்துக் களியும், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரத்தின் செம்மண்ணும் மணலும், வேதாரண்யத்து உப்புமண்ணும் ஒன்றல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும் களிமண் தெருவில் வேம்பு வேர் அழுகித் திணறும். அதே இடத்தில் நீர்மருதும் நாவலும் புங்கமும் தாங்கி நிற்கும். ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் உப்புக் காற்றையும் உப்பு நீரையும் பொறுப்பவை புன்னை, பூவரசு, புங்கம், பனை. செம்மண் மேட்டில் வேம்புக்கும் இலுப்பைக்கும் குறையில்லை. ஆகவே ஊர் விரும்பும் மரம் ஊரின் மண்ணுக்கு ஏற்றதா என்று சொல்ல ஒருவர் வேண்டும். எந்த வழியில் முடிவெடுத்தாலும் அந்த ஒருவர் எந்தக் கட்டத்தில் பேசுகிறார் என்று பாருங்கள்.

அடுத்தது காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்தின் அருகே கரையேறிய கஜா புயல் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. பனைகள் பெரும்பாலும் நின்றன. இங்கே தெருமரம் என்றால் வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் நிற்கும் மரம். மயிற்கொன்றை என்கிற குல்மோகர், இயல்வாகை, முருங்கை போன்று எளிதில் ஒடியும் மரங்களை வாசலுக்கு அருகில் வைப்பது அடுத்த புயலுக்கு விறகு சேர்ப்பதுதான். தூங்குமூஞ்சி நிழல் தரும். ஆனால் அகன்று பரவும் அதன் கிளைகளுக்கும் வேருக்கும் குறுகிய தெருவில் இடம் கிடையாது.

தலைக்கு மேல் கம்பி, காலுக்குக் கீழ் சாக்கடை என்பது மூன்றாவது. கம்பியின் கீழே நீர்மருதை வைத்தால் ஆண்டுதோறும் அதன் உச்சியை வெட்டுவார்கள். பத்து ஆண்டில் அது மரமாக இருக்காது, ஊனமாக நிற்கும். அந்தப் பக்கத்துக்கு மந்தாரை, பவளமல்லி போன்ற சிறுமரங்கள் போதும்.

நான்காவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது? மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். கன்றுக்குத் தண்ணீர் தேவைப்படும் மாசி முதல் வைகாசி வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது கன்றுகள், வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு குடம் என்றால் வாரத்துக்கு 160 குடம். மார்ச் முதல் மே வரை பதின்மூன்று வாரத்துக்கு இரண்டாயிரம் குடத்துக்கு மேல். இது ஒரு கோடைக்கு. இரண்டு மூன்று கோடை தாண்டினால்தான் மரம் தன் காலில் நிற்கும். கடைமடை ஊர்களில் இன்னும் கடினம். ஆழ்குழாயில் உப்புநீர் வரும். கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் குடிநீரைக் கன்றுக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. குளத்து நீரை யார் சுமப்பது என்று பெயரோடு எழுதி வைக்காத எந்தத் திட்டமும் சித்திரை வெயிலில் கருகிவிடும்.

ஐந்தாவது, அந்தத் தெருவில் நடக்கும் வேலைகள். வெளியிலிருந்து வருபவருக்கு இது தெரியாது. குறுவை, சம்பா அறுவடையில் சாலையோரம் நெல் காயவைப்பவருக்கு நிழல் வேண்டாம். வயலோரச் சாலையில் மரம் வைத்தால் நிழல் விழும் வரப்போரத்தில் கதிர் பிடிக்காது என்று நிலத்துக்காரர் மனம் குமைவார். அறுவடை இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் வரும் பாதையில் தாழ்ந்த கிளை தொல்லை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம் என்பார்கள். அவ்வளவு பெரிய தேர் இல்லாத ஊரிலும் சப்பரமும் சாமி புறப்பாடும் போகும் வீதி இருக்கும். வாசலுக்கு நேரே மரம் நிற்கக் கூடாது என்று நம்பும் வீடுகளும் உண்டு. இதையெல்லாம் மூடநம்பிக்கை, சுயநலம் என்று ஒதுக்கிவிட்டு நட்ட கன்று ஒருநாள் காலையில் பிடுங்கப்பட்டுக் கிடக்கும்.

கடைசி அளவுகோல், யாருடைய குரல் கேட்கப்பட்டது என்பது. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்கள்தான் உதிரும் இலையையும் பூவையும் நாவல் பழக் கறையையும் கூட்டித் தள்ளப்போகிறவர்கள். இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோர் நாள் முழுதும் அந்த நிழலில் நிற்கப்போகிறவர்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். கிராமத்தில் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: மரம் குடியானத் தெருவோடு நின்றுவிடுகிறதா, ஆதிதிராவிடர் தெருவுக்கும் போகிறதா? ஓட்டு வீடும் சிமெண்ட் அட்டைக் கூரையும் வெயிலில் கொதிக்கும் தெருக்களுக்குத்தான் நிழல் முதலில் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

## வழி 1: அலுவலகமே முடிவு செய்வது

நகராட்சியோ ஊராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ கன்றைத் தேர்ந்து, குழி வெட்டி, கூண்டு போட்டு நட்டுவிடும். வேகமானது. அனுமதி, நிதி, தண்ணீர் லாரி எல்லாம் ஒரே கையில் இருக்கும். கன்றின் விலையைவிடக் கூண்டுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு பல மடங்கு என்பதால் இது சின்ன வசதி அல்ல. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காக வைத்தது. அந்த அளவில் நடவு நடக்கும்போது ஒவ்வொரு தெருவையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்ற அலுவலர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வழியில் மரத்தைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் அலுவலரும் அல்ல, நாற்றங்கால்தான். அந்த மாதம் அங்கே எது அதிகமாக நிற்கிறதோ அதுவே எல்லாத் தெருவுக்கும் வரும். கொனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் சாலை நடுவிலும் வளாகங்களிலும் பரவியது அப்படித்தான்: வேகமாக வளரும், எப்போதும் பச்சை. கடைசியில் 2025 ஜனவரியில் தமிழக அரசே அதை நடத் தடை விதித்தது. இன்னொரு செலவு, உரிமை உணர்வு. யாரிடமும் கேட்காமல் வந்த கன்று யாருடையதும் அல்ல. லாரி நின்ற வாரமே அது வாடத் தொடங்கும்.

வாசல் இல்லாத இடங்களுக்கு இதுவே சரி: புறவழிச்சாலை, பேருந்து நிலையம், ஆற்றங்கரைச் சாலை, அரசு வளாகம். புயலுக்குப் பிறகு, அடுத்த மழைக்குள் நட்டாக வேண்டிய அவசரத்திலும் இதையே சொல்வேன்.

## வழி 2: சபையில் வைத்துத் தீர்மானிப்பது

கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. தீர்மானப் புத்தகத்தில் ஏறிய முடிவுக்கு வலு உண்டு. தலைவர் மாறினாலும் காகிதம் இருக்கும். நிதி கேட்கும்போது காட்டலாம்.

ஆனால் சபையில் "எந்த மரம் வேண்டும்?" என்று கை தூக்கச் சொல்வதுதான் நான்கு வழிகளிலும் மோசமான முறை என்று நினைக்கிறேன். கை தூக்குபவர் பூவையும் பழத்தையும் நினைத்துத் தூக்குவார். கம்பியும் களிமண்ணும் அவர் நினைவுக்கு வராது. அன்று வந்தவரின் கைதான் கணக்கில் வரும். மரம் நிற்கப்போகும் தெருவைச் சேர்ந்த ஒருவர்கூட வராமல் இருக்கலாம். எல்லாவற்றையும்விட, மரம் வேண்டாம் என்பவர் சபையில் பேசவே மாட்டார். நூறு பேர் நடுவில் எழுந்து நிழல் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அவருடைய எதிர்ப்பு கன்றுக்கு வெந்நீராகவோ கட்டவிழ்த்துவிட்ட ஆடாகவோ பிறகு வெளிப்படும். பெரும்பான்மையை எண்ணிச் சொல்லும் முறைக்கு இந்த ஒற்றை எதிர்ப்பைக் கண்டுபிடிக்கும் திறன் இல்லை.

சபை தீர்மானிக்க வேண்டியவை வேறு. எந்தத் தெருவுக்கு முதலில், தண்ணீருக்கு எந்தக் குளம், ஊற்றுபவருக்குக் கூலி எந்த நிதியிலிருந்து, நாளைக்குப் புளியோ நாவலோ காய்த்தால் ஏலத் தொகை யாருக்கு. இவற்றைப் பொதுவில் பேசி எழுதிக்கொள்ளாமல் தெருவுக்குள் போனால் ஒவ்வொன்றும் தனித்தனிச் சண்டையாகும். குளக்கரை, இடுகாட்டுப் பாதை, விளையாட்டுத் திடல் போன்று ஊருக்கே பொதுவான இடங்களில் மட்டும் மரத்தையும் சபையே சொல்லலாம்.

## வழி 3: வாசல்காரர் கேட்டதைக் கொடுப்பது

வீட்டுக்கு வீடு போய், என்ன கன்று வேண்டும் என்று எழுதிக்கொண்டு அதையே கொடுப்பது. தண்ணீர் என்ற அளவுகோலில் இதை எதுவும் மிஞ்சாது. தான் கேட்டு வாங்கிய கன்றைத் தன் குடத்து நீரில் வளர்ப்பார்கள். அரிசி கழுவிய நீர்கூட அதற்குத்தான் போகும்.

சிக்கல் கேட்கும் கன்றில் இருக்கிறது. கொய்யா, நெல்லி, முருங்கை, தென்னை என்று பட்டியல் வரும். அவை கொல்லையில் நிற்க வேண்டியவை. தெருவில் காய்த்தால் யார் பறிப்பது என்ற தகராறு, தேங்காய் யார் தலையில் விழும் என்ற பயம். நிழலுக்காகத் தொடங்கிய வேலை நிழல் இல்லாமலே முடிந்துவிடும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் அடுத்த சிக்கல். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, தெருவில் பாதி வீடுகளுக்குத் திண்ணை மட்டும் மிஞ்சிய ஊர்கள் டெல்டாவில் எத்தனையோ. அந்த வாசல்கள் மொட்டையாக நிற்கும். வாடகைக்கு இருப்பவரைக் கேட்பதா, வீட்டுக்காரரைக் கேட்பதா என்பதும் தெளிவாகாது. தண்ணீர் ஊற்றப்போகிறவர் குடியிருப்பவர்தான். அவரைத்தான் கேட்க வேண்டும் என்பேன்.

நீண்ட நாள் செலவு ஒன்றும் உண்டு. என் வாசல் மரம் என்ற உரிமை, வளர்ப்பதற்கு எவ்வளவு உதவுகிறதோ அவ்வளவு வெட்டுவதற்கும் உதவும். கார் வாங்கியதும், மாடி எடுத்ததும், வீடு கைமாறியதும் மரம் போகும். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை என்பதைக் கன்று கொடுக்கும் அன்றே சொல்லி, இது தெருவின் மரம், நீங்கள் வளர்ப்பவர் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள முட்டுச் சந்து, அலுவலர் குடியிருப்பு, எல்லோரும் சொந்த வீட்டில் நிலையாக வாழும் புதிய நகர்கள் ஆகியவற்றில் இந்த வழி நன்றாக ஓடும்.

## வழி 4: பட்டியலும் தெருக்கூட்டமும்

மரம் தெரிந்தவர்கள் நான்கைந்து மரங்களைப் பட்டியலிட, தெருவில் இருப்பவர்கள் அதிலிருந்து தேர்வது. இப்படிச் சொன்னால் எளிதாகத் தெரிகிறது. முறையாகச் செய்தால் தெருவுக்கு இரண்டு கூட்டமும் ஒரு நடையும் ஆகும்.

நடை முதலில். முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த நாளில், தெருவில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு தலையிலிருந்து கடைசி வரை நடக்க வேண்டும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, கம்பி எந்தப் பக்கம் போகிறது, குழாய் எங்கே புதைந்திருக்கிறது, சப்பரம் எங்கே திரும்பும், நெல் எங்கே காயும், கஜாவில் எந்த மரம் விழுந்தது, எது நின்றது. கடைசிக் கேள்விக்கு எழுபது வயதுக்காரர் சொல்லும் பதில் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. மரம் வேண்டாம் என்பவரும் இந்த நடையில்தான் வாய் திறப்பார். அவர் வாசலில் நிற்கும்போது, தனியாக, மெதுவாகச் சொல்வார். அந்த இடத்தை விட்டுவிட்டு நான்கடி தள்ளி வைத்தால் போதும். ஒரு கன்று பிழைத்தது.

அதன் பிறகுதான் பட்டியல். நீடாமங்கலம், சிக்கல் போன்ற இடங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் வனத்துறை நாற்றங்காலிலும் மண்ணைச் சொல்லிக் கேட்கலாம். களிமண் தெருவில் கம்பியில்லாத பக்கத்துக்குப் புங்கம், நாவல், பூவரசு, நீர்மருது. கம்பிப் பக்கத்துக்கு மந்தாரை, பவளமல்லி என்று இரண்டு வரிசையாகப் போடுவது தெளிவாக இருக்கும். ஒவ்வொரு மரத்தின் குறையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். புங்கம் கோடையில் பூவாகக் கொட்டும். நாவல் பழம் விழுந்த இடத்தில் கறை படியும், கால் வழுக்கும். நீர்மருது ஓங்கி வளரும், அகன்ற தெருவுக்கு மட்டும். பூவரசில் கம்பளிப்பூச்சி வரும். குறையை முன்பே சொன்ன மரத்தின் மீது பிறகு கோபம் வராது. விலக்கிய மரத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அலுவலகம் தீர்மானித்துவிட்டு நம்மிடம் நாடகம் போடுகிறது என்று நினைப்பார்கள். அப்படி நினைப்பதும் சில ஊர்களில் சரியாகவே இருக்கும்.

பூவரசைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதற்கு நாற்றங்கால் தேவையில்லை. தடித்த கிளையை நல்ல போத்தாக வெட்டி மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றினால் துளிர்க்கும். ஆள் உயரப் போத்து என்றால் ஆட்டுக்கு எட்டாது. ஈரத்தையும் உப்பையும் தாங்கும். பணமில்லாத ஊராட்சிக்கு இதைவிட மலிவான தெருமரம் எனக்குத் தெரியவில்லை. வாய்க்கால் கரையெல்லாம் நிற்கிறது என்பதாலேயே கூட்டத்தில் இதை யாரும் கேட்பதில்லை. பட்டியலில் சேர்த்து வைத்தால்தான் பேச்சுக்கு வரும்.

புங்கத்துக்கும் ஊருக்குள் பழைய உறவு உண்டு. தழையை மிதித்து வயலுக்கு உரமாக்கிய கைகள் இன்னும் இருக்கின்றன. திருவிடைமருதூரின் தலமரம் மருது, திருப்பனந்தாளின் தலமரம் பனை. இப்படி ஊரோடு பிணைந்த மரம் மண்ணுக்கும் ஒத்துவந்தால் கூட்டத்தில் பாதி வேலை குறையும்.

கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். இரவு எட்டு மணிக்கு வைத்தால் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தெருவிலேயே நாற்காலி போட்டுக் கூடுவது நல்லது. ஏதோ ஒரு சமூகத்தின் மண்டபத்தில் வைத்தால் சிலர் உள்ளே வரத் தயங்குவார்கள். கூட்டம் முடியும்போது கையில் இருக்க வேண்டியது மரத்தின் பெயர் மட்டும் அல்ல; ஒவ்வொரு குழிக்கும் நேராக ஒரு வீட்டின் அல்லது கடையின் பெயர். பூட்டிய வீட்டு வாசலுக்குப் பக்கத்து வீட்டார் பெயர். அதுவும் இல்லாத இடத்தில் குழியே வெட்டாதீர்கள்.

இதன் மறைமுகச் செலவு பொறுமைதான். அலைந்து, பேசி, எழுதி வைக்க ஒருவர் வேண்டும். அவர் ஊரை விட்டுப் போனால் வேலை நிற்கும். ஐம்பது தெருக்கள் உள்ள நகராட்சியில் ஒரே ஆண்டில் எல்லாத் தெருவுக்கும் இப்படிச் செய்ய முடியாது. மெதுவாக நடப்பதைக் காட்டி அடுத்த ஆண்டு நிதியைக் குறைக்கும் ஆபத்தும் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அலுவலகம் | சபை | வாசல்காரர் | பட்டியலும் கூட்டமும் |
|---|---|---|---|---|
| மண்ணுக்குப் பொருத்தம் | நாற்றங்கால் இருப்பைப் பொறுத்தது | பலவீனம் | பலவீனம் | வலு |
| புயல், கம்பி | அலுவலரின் கவனத்தைப் பொறுத்தது | பேசப்படுவதே அரிது | பலவீனம் | வலு |
| கோடைத் தண்ணீர் | லாரி ஓடும் வரை | தீர்மானத்தில் கூலி எழுதினால் உண்டு | மிக வலு | வலு |
| தெருவின் வேலைகள் தெரிவது | இல்லை | ஓரளவு | தன் வாசல் மட்டும் | மிக வலு |
| குரலற்றவர் பேசுவது | இல்லை | வந்தால் உண்டு | குடியிருப்பவரைக் கேட்டால் உண்டு | கூட்டம் வைக்கும் இடம், நேரத்தைப் பொறுத்தது |
| வேகம் | மிக வேகம் | சபை நாள் வரை காத்திருப்பு | வேகம் | மெதுவானது |

## எந்த இடத்துக்கு எது

வீடுகள் நெருங்கிய, கம்பியும் சாக்கடையும் உள்ள பழைய தெருக்களுக்கும், கடைவீதிக்கும், சாமி புறப்பாடு போகும் வீதிகளுக்கும் நான்காவது வழி. நேரம் செலவானாலும் வேறு குறுக்குவழி இல்லை. கடைவீதியில் கடைக்காரர்களோடு வண்டிக்காரர்களையும் உட்கார வையுங்கள். பெயர்ப் பலகையை மறைக்காத, அடிமரம் உயர்ந்து போகும் மரமாகப் பார்க்கச் சொல்வார்கள், அது சரியான கோரிக்கை.

வயலோரச் சாலைக்கு வழி எதுவானாலும் இரு பக்கத்து நிலத்துக்காரர்களையும், அங்கே குத்தகைக்கு உழுபவர்களையும் கேட்காமல் தொடக்கூடாது. அங்கே பனை நல்ல சமரசம்: நிழல் குறைவு, காற்றுக்கு நிற்கும், கரையைப் பிடிக்கும்.

கடைமடை உப்புமண் ஊர்களில் தேர்வுக்கு இருக்கும் மரங்களே குறைவு. அங்கே எந்த மரம் என்ற பேச்சைச் சுருக்கி, குளத்து நீரை யார் கொண்டு வருவது என்பதற்குக் கூட்டத்தின் பெரும்பகுதியை ஒதுக்குங்கள். புன்னை மெதுவாக வளரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் இன்னும் இடுப்பு உயரமா என்று சலித்துப் பிடுங்கிவிடக் கூடாது.

வழிகளைக் கலந்தும் செய்யலாம். தெரு வரிசையையும் கூலியையும் சபை எழுத, மரத்தைத் தெருக்கூட்டம் சொல்ல, கூண்டையும் முதல் கோடைக்கான லாரியையும் அலுவலகம் ஏற்பது பல ஊர்களுக்கு நடைமுறையில் பொருந்தும். அப்படியென்றால் நாள்காட்டியைப் பின்னிருந்து எண்ண வேண்டும். அக்டோபர் மழை பிடிப்பதற்கு முன்பே கன்று வேர் ஊன்ற ஆடி, ஆவணியில் நட வேண்டும். அதற்கு ஆனிக்குள் நாற்றங்காலில் சொல்லிவைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தெருக்கூட்டங்கள் முடிய வேண்டும். மே 1 கிராம சபைக்குத் தெரு வரிசையும் தண்ணீர்க் கூலியும் போக வேண்டும். தண்ணீர் தேங்கும் இடங்களைப் பார்க்கும் நடையை முந்தைய கார்த்திகையிலேயே முடித்துவிட வேண்டும். தாழ்வான தெருவில் குழிக்குள் நடாமல் மண்ணை ஒரு முழம் மேடாகக் குவித்து, அதன் மேல் நடச் சொல்லுங்கள்.